முன்சில்லுக்குள்ள ஒரு ‘டொக்’

இந்த முறை கணினிக் கதை இல்லை, வாகனக் கதை. வாகனத்தில் ஆர்வம் இல்லாதவர்களும் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. பின் சீற்றில பிள்ளையளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற எல்லோருக்கும் இது தேவைப்படும்.

மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. மகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு மார்க்கம் வீதியில் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஸ்காபரோ வீதிகள் எப்படி இருக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழிகளுக்கு நடுவில வீதியைத் தேட வேணும். பின்னால் இருந்து மகள் சொன்னாள்:

“அப்பா, ட்ரக் ‘டொக்’ எண்டு சொல்லுது.”

“றோட் சரியில்லையம்மா.”

“இல்லையப்பா. குழி இல்லாத இடத்திலயும் சொல்லுது.”

நான் என்ன செய்தேன் தெரியுமோ? வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

எங்களிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு பிக்கப் ட்ரக். தேவைப்படும்போது நாலு சில்லும் இழுக்கிற வகை. கோடையில் அல்கொன்குயின் பூங்காவுக்குக் கூடாரம், சாமான், சட்டி பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகலாம் எண்டு இரண்டு வருசத்துக்கு முதல் பாவித்ததாக வாங்கினது. வாங்கும்போது சேஃப்டி சான்றிதழும் தந்தார்கள். ஓட்டம் 2,30,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது.

அடுத்த கிழமை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிசம் பார்த்துவிட்டு, “முன்பக்கம் முழுக்க மாத்த வேணும் அண்ணை, 3,800 டொலர் வரும்” எண்டார்கள். எது பழுது எண்டு கேட்டேன். “எல்லாம்தான்.”

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எங்கட வேலையில் ஒருவர் வந்து ‘எல்லாத்தையும் திருப்பி எழுதினால் சரியாகும்’ எண்டால், பிழை எங்கே இருக்கெண்டு அவருக்குத் தெரியாது எண்டுதான் அர்த்தம். நானே பார்க்கிறேன் எண்டு ட்ரக்கைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை.

வேகம் கூடக்கூட முன்பக்கத்தில் ஒரு இரைச்சல் இருந்தது. நாலைந்து காணொளி பார்த்தேன். வீல் பெயரிங் எண்டு முடிவெடுத்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளோடு இரண்டு வார இறுதி மல்லுக்கட்டி, வலது பக்கத்துப் பெயரிங்கை ஹப்போடு சேர்த்து மாற்றினேன். இரைச்சல் அடியோடு நின்றது. எனக்குச் சரியான புளுகம். மனைவியைக் கூப்பிட்டு ஒரு சுற்று ஓடிக் காட்டினேன். ‘டொக்’ மட்டும் இன்னும் கேட்டது. அது ஸ்வே பார் லிங்க்காக இருக்கும், ஆபத்தில்லாத சின்னச் சாமான், கோடையில் பார்ப்போம் எண்டு விட்டுவிட்டேன்.

அதோடு மார்ச் விடுமுறையில் இரண்டு பிள்ளையளையும் ஏற்றிக்கொண்டு நயாகராவுக்கும் போய் வந்தேன். போக வர முழுக்க நெடுஞ்சாலை.

“எத்தினை சத்தம்?”

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரில் ஹயர் ஓடினவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டின தலைமுறை. எஞ்சின் எந்த நேரம் நிற்கப்போகுது எண்டு காதால் அறிந்து வைத்திருந்தவர்கள். ஆனால் இங்கே வந்த பிறகு, “உங்கட கார் எல்லாம் கொம்பியூட்டர், எனக்கு விளங்காது” எண்டு ஒதுங்கிவிட்டார். நானும் அவரிடம் கேட்டதில்லை.

நயாகரா போய்வந்த அடுத்த நாள், மகள்தான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். “அப்பப்பா, ட்ரக்குக்குள்ள ஆரோ கதவு தட்டுறாங்கள்.”

அப்பா ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“தம்பி, எத்தினை சத்தம் கேக்குது?”

“ஒண்டுதான் அப்பா. மற்றதை நான் திருத்திப்போட்டன்.”

“ஏறு, பாப்பம். பிள்ளை, கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வா.”

அவர் போட்ட சட்டம் இரண்டு. வானொலி, காற்றாடி எல்லாம் நிற்க வேணும், யன்னல் திறந்திருக்க வேணும். ஒரு நேரத்தில் ஒரு விசயத்தை மட்டும் மாற்ற வேணும். இது எங்கட அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளையளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். ட்ரக்குக்கு மட்டும் நான் அதைச் செய்யவில்லை.

சத்தத்தை எப்படி எழுதுறது எண்டு மகள் கேட்டாள். “எப்பிடிக் கேக்குதோ அப்பிடியே எழுது” எண்டார் அப்பா. டொக், டிக் டிக், கட கட, கிலுகிலு, கீச், கிர்ர், உறுமல். ஆங்கிலத்தில் நான் எல்லாத்துக்கும் ‘நொய்ஸ்’ எண்ட ஒரு சொல்லைத்தான் வைத்திருந்தேன். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாகத்தைக் காட்டும் எண்டு அண்டைக்குத்தான் விளங்கியது. மகளின் கொப்பியில் இருந்ததை உங்களுக்காக ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

கொப்பியில் இருந்தது

உறுமல், இரைச்சல். வேகத்தோடு சேர்ந்து கூடினால் ஒன்றில் பெயரிங், அல்லது ரயர். பிரித்தறிய வழி இருக்கு. வீதியின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் ரயர். எந்த வீதியிலும் ஒரே மாதிரி உறுமினால் பெயரிங்கைப் பாருங்கோ. ஆள் இல்லாத வீதியில் மெதுவாக இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலப்பக்கச் சில்லில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் சந்தேகம் வலது பெயரிங்கில். இது நான் சரியாகப் பிடித்த ஒன்று.

டிக் டிக். வாகனத் தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பும்போது வந்தால் சீவி ஜொயின்ட். எங்கட ட்ரக்கில் அந்தச் சத்தம் இல்லை. ஆனால் அப்பா குனிந்து வலது சில்லின் உட்பக்கத்தைத் தடவிக் கையைக் காட்டினார். கறுத்தக் கிறீஸ். ஜொயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை வெடித்து, சில்லு சுற்றச் சுற்ற கிறீஸ் வெளியே தெறித்திருக்கு. சத்தம் போடாத பழுது இது. இந்த நேரத்தில் பிடித்தால் உறையையும் கிறீஸையும் மாற்றினால் போதும். மண்ணும் உப்பும் உள்ளே போய் டிக் டிக் தொடங்கிவிட்டால் முழு அக்சிலையும் மாற்ற வேண்டி வரும்.

துள்ளலும் இழுவையும். இது எனக்கு வெட்கக்கேடு. ஃபோர் ஹையில் போட்டுக்கொண்டு தரிப்பிடத்தில் திருப்பும்போது முன்பக்கம் முறுக்கித் துள்ளும். இதுவும் பழுது எண்டுதான் நினைத்திருந்தேன். பழுது வாகனத்தில் இல்லை, என்னில். வளைவில் முன்சில்லு பின்சில்லைவிடப் பெரிய வட்டம் போகும். எங்கட மாதிரி ட்ரக்கில் ஃபோர் ஹை போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வேகம்தான் போகும். பனியில் ரயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு முழுக்கப் பற்சில்லுகளிலும் ஜொயின்ட்டுகளிலும் ஏறும். பனி விலகின பிறகும் நான் அதைப் போட்டபடியே ஓடித் திரிந்திருக்கிறேன். எல்லா நேரமும் நாலு சில்லும் இழுக்கிறதுக்கெண்டே செய்த கார்களுக்கு இது பொருந்தாது. உங்கட வாகனம் எந்த வகை எண்டு கைநூலில் பாருங்கோ.

கடைசியாக டொக். ஸ்வே பார் லிங்க் எண்டு நான் சொன்னதும் அப்பா வீதி மேட்டுக்கு மேலே நேராக, ஆறுதலாக ஏறச் சொன்னார். இரண்டு முன்சில்லும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்க வேணும். ஸ்வே பார் இடது வலது சில்லுகளை இணைக்கிற முறுக்குக் கம்பி. இரண்டு சில்லும் சேர்ந்து ஏறினால் அதுக்கு வேலையே இல்லை, லிங்க் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். ஒரு சில்லு மட்டும் குழியில் விழும்போதுதான் அது கட கட எண்டு அடிக்கும். நாங்கள் நேராக ஏறினோம்.

டொக்.

“லிங்க் இல்லைத் தம்பி. இது வேறை” எண்டார் அப்பா.

சில்லைத் தூக்கிப் பார்த்தது

கராஜ் வாசலில் பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்தோம். ஜாக்கை முன் வலது பக்கத்துக் கீழ்க்கையின் அடியில் வைத்துத் தூக்கி, சில்லு நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பினதும் சட்டத்துக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் வைத்தேன். ஒரு விசயம் சொல்ல வேணும்: வெறும் ஜாக்கை நம்பி ஒருநாளும் வாகனத்துக்குக் கீழே போகாதேங்கோ. ஸ்டாண்ட் இல்லையெண்டால் அண்டைக்கு வேலை இல்லை.

கீழ்க்கைக்கு அடியில் ஏன்? எங்கட ட்ரக்கில் ஸ்பிரிங் அந்தக் கையில்தான் இருக்கிறது. சட்டத்தில் ஜாக் வைத்தால் கை கீழே தொங்கி, போல் ஜொயின்ட் இறுகி நிற்கும், தேய்மானம் தெரியாது. கராஜில் பத்து நிமிசத்தில் பார்த்ததுக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம்.

பிறகு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். மணிக்கூட்டில் பன்னிரண்டும் ஆறும் எண்டு வைத்துக்கொள்ளுங்கோ. ஆடியது. மனைவியை உள்ளே ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னோம். பெயரிங் தேய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை. ஒன்பதும் மூன்றுமாகப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பார்த்தோம், அது ஸ்டியரிங்கின் ரை ரொட்டுக்கான சோதனை. அதில் ஆட்டம் இல்லை. கடைசியாக ரயருக்குக் கீழே ஒரு நீட்டு இரும்பைக் கொடுத்து நான் மேலே நெம்ப, அப்பா ரோச் அடித்துப் பார்த்தார்.

“இஞ்ச வந்து பார்.”

கீழ் போல் ஜொயின்ட். கையின் மூட்டு மாதிரி ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. அதுதான் சில்லைக் கீழ்க்கையோடு பிணைத்து வைத்திருக்கிறது. சில்லு திரும்புவதும் ஏறி இறங்குவதும் அதிலேதான். நான் நெம்ப நெம்ப, குண்டு கிண்ணத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரிய ஏறி இறங்கியது. ரப்பர் உறை கிழிந்து, கிறீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத் தண்ணி.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மொறிஸ் மைனர் கதையைச் சொன்னார். அந்தக் காரில் போல் ஜொயின்ட் இல்லை. முன்சில்லின் அடியில் புரி வெட்டின ஒரு இணைப்பு, அந்தப் புரியில்தான் சில்லு திரும்பும். ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு மடிந்து காருக்குக் கீழே போய்விடும். அந்தக் காரின் பேர்போன குறை அது. அப்பாவின் காருக்கும் ஒருக்கா நடந்தது, நல்லூரில், கோயிலடியில் நிறுத்தப்போகும்போது. மெதுவாகப் போனதால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

“அங்க நாங்கள் இருபது மைலில ஓடினது. நீ எவ்வளவில போனனி?”

நயாகராவுக்கு நான் போனது மணிக்கு 110 கிலோமீற்றரில். அந்தக் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் சில்லு வெளிப்பக்கமாகச் சரிந்துவிடும். ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை. பின் சீற்றில இரண்டு பேர். நான் அப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை.

இது பழைய கார்க் கதை மட்டும் இல்லை. 2005இல் டொயோட்டா நிறுவனம் இதே கீழ் போல் ஜொயின்ட்டுக்காக அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப், எஸ்யூவி வாகனங்களைத் திரும்ப அழைத்தது. உங்கட வாகனத்துக்கு இப்படித் திருத்தாமல் விட்ட திரும்பப்பெறல் ஏதும் இருக்கோ எண்டு கனடா போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும், வாகன இலக்கத்தைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் தளத்திலும் பார்க்கலாம். காசு இல்லை, ஐந்து நிமிச வேலை.

திருத்தினது

அதோடு ட்ரக் வாசலை விட்டு அசையவில்லை. கயிறு கட்டி இழுக்காமல், மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில்தான் அனுப்பினேன். எங்கட ட்ரக்கில் போல் ஜொயின்ட்டை அமுக்கி இறக்கியிருப்பார்கள். அதைக் கழற்றிப் பொருத்தக் கருவி வேணும், அனுபவம் வேணும். பெயரிங் மாற்றினதுபோல இதையும் செய்து பார்க்கலாம் எண்டு ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. வேண்டாம் எண்டு விட்டுவிட்டேன்.

வேறொரு கராஜ். இந்த முறை கையில் மகளின் கொப்பி இருந்தது. எந்த நிலையில் என்ன சத்தம், எதில் ஆட்டம் இருந்தது, எதில் இல்லை எண்டு வாசித்துக் காட்டினேன். மெக்கானிக் தானும் தூக்கிப் பார்த்து ஒத்துக்கொண்டார். இரண்டு பக்கத்துக் கீழ் போல் ஜொயின்ட், வலது சீவி உறை, கடைசியில் சில்லு அலைன்மென்ட். மொத்தம் 1,240 டொலர். அலைன்மென்ட்டை மிச்சம் பிடிக்காதேங்கோ. முன்பக்கத்தில் இந்தச் சாமான்களை மாற்றினால் சில்லின் கோணம் மாறும், செய்யாவிட்டால் ரயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கராஜுக்குப் போகும்போது தெரிந்திருக்க வேண்டியவை சில. அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் போகிற எங்கட ஆட்களுக்கு இது முக்கியம்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை தொடங்க முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். கடைசிக் கட்டணம் அந்த மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கழற்றின பழைய பாகங்களைத் திருப்பித் தரச்சொல்லி முதலே கேளுங்கோ. புதிய பாகத்துக்கும் அதைப் பூட்டின வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதல் வருகுதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

அடுத்தது, பாவித்த வாகனம் வாங்கும்போது தருகிற சேஃப்டி சான்றிதழ். அது 36 நாளுக்குத்தான் செல்லும். பரிசோதித்த அண்டைக்கு வாகனம் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது எண்டு சொல்லுமே தவிர, அடுத்த குளிர்காலத்துக்கு அது பொறுப்பில்லை. நான் அந்தக் கடதாசியை இரண்டு வருசமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏன் எங்களுக்கு இவ்வளவு கெதியாக?

உப்பும் குழியும்தான். தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். தாரின் வெடிப்புக்குள் போன தண்ணி இரவில் உறைந்து, பகலில் உருகி, வீதியை உடைக்கும். அந்தக் குழியில் விழுகிற அடி நேரே போல் ஜொயின்ட்டில் இறங்கும். உறையில் சின்னக் கிழிசல் வந்தால் உப்புத் தண்ணி உள்ளே போகும். இந்தக் காலத்து ஜொயின்ட்டுகள் பலதில் கிறீஸ் அடிக்க வாயே இல்லை, மூடிச் செய்தவை. அதனால் உறை கிழிந்தால் கதை முடிஞ்சுது.

செய்யக்கூடியது: குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே வருகிற நாட்களில் வாகனத்தின் அடியைக் கழுவுங்கோ. இலையுதிர் காலத்தில் அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பியுங்கோ. குளிர் ரயரும் கோடை ரயரும் மாற்றுகிற நேரம் எப்படியும் சில்லு கழரும். அந்த நேரத்தில் ரப்பர் உறைகளைப் பார்க்கவும், சில்லைப் பிடித்து ஆட்டவும் சொல்லுங்கோ. உங்கட வீதியில் குழி இருந்தால் 311க்கு அறிவியுங்கோ.

கழற்றின வலது போல் ஜொயின்ட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது அது கராஜில் ஸ்பானர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கு மகள் அதை எடுத்து ஆட்டிக் காட்டுவாள். டொக், டொக்.

அப்பாவும் இப்போது ஒதுங்குவதில்லை. போன ஞாயிறு மச்சானின் கார் வந்தது, இந்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரரின் வான். மகள் கொப்பியில் புதுப் பக்கம் திறந்திருக்கிறாள். நேற்று அவள் எழுதினது ‘கிணுகிணு’. அப்பாவுக்கே அது என்ன பாகம் எண்டு இன்னும் பிடிபடவில்லை.

இந்த வார இறுதியில் ஒருக்கா வானொலியை நிறுத்திவிட்டு ஓடிப் பாருங்கோ. பின் சீற்றில இருக்கிறவர்களிடமும் என்ன கேக்குது எண்டு கேளுங்கோ.